பச்சை அலமாரி

மே 2, வெள்ளி

தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் டைரி எழுத வேண்டுமாம். உத்தரவு. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வீட்டுப்பாடம் கொடுத்துப் பழகிய எனக்கு, முப்பத்தாறு வயதில் வீட்டுப்பாடம். எழுதிவிட்டேன். 'டுடே இஸ் ஹாட். ஐ ஆம் ஃபைன்.' முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது சுத்தப் பொய். உண்மையை எழுதுகிற அளவுக்கு எனக்கு ஆங்கிலம் போதாது. திட்டுகிற அளவுக்கு நிச்சயமாகப் போதாது. அதனால்தான் மளிகைக் கடையில் இலவசமாகக் கொடுத்த இந்த டைரி. இதில் தமிழில் திட்டிக்கொள்ளலாம்.

நான் செண்பகவடிவு. இந்த மெட்ரிக் பள்ளியில் பதினொரு வருடமாகத் தமிழாசிரியை. பிள்ளைகளும் கூட வேலை செய்பவர்களும் கூப்பிடுவது தமிழம்மா என்று. காலையில் பள்ளியை நடத்துகிற கரஸ்பாண்டன்ட் அழகியநம்பி எல்லா டீச்சர்களையும் இரண்டாம் வகுப்பு அறையில் உட்கார வைத்தார். குழந்தைகள் பெஞ்சு. முழங்கால் மோவாயில் இடிக்கிறது.

"ஊருக்குள்ள புதுசா ரெண்டு ஸ்கூல் வந்துட்டு. அங்கன வாட்ச்மேன்கூட இங்கிலீஷ் பேசுதான். நம்ம ஸ்கூல்ல டீச்சர்மாரே 'ஏலே, இங்க வாலே'ன்னு கூப்பிடுதீங்க. ஜூன்ல இருந்து காம்பவுண்டுக்குள்ள இங்கிலீஷ் மட்டும்தான்" என்றார்.

"தமிழ் பீரியட்ல சார்?" என்று கேட்டேன்.

"பீரியட்ல பேசிக்கோங்க. பெல் அடிச்சா நிப்பாட்டிரணும்."

நான் என்ன தண்ணீர்க் குழாயா?

மே மாதம் முழுக்க எங்களுக்கு இலக்கண வகுப்பு. மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம். அதில் ஒவ்வொரு டீச்சரும் மேடை ஏறி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். பேசாதவர்களுக்கு ஜூனில் வேலை இல்லை. பிள்ளைகள் கழுத்தில் தொங்குகிற அட்டை இன்றிலிருந்து எங்களுக்கும் உண்டு. சிவப்பு எழுத்தில் 'ஐ ஸ்போக் டமில்' என்று எழுதிய அட்டை. தமிழில் வாய் திறந்தவர் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் தமிழ் பேசுவதைக் கையும் களவுமாகப் பிடித்தால் அவர் கழுத்துக்கு மாற்றிவிடலாம். ஆளை ஆள் காட்டிக்கொடுக்கப் பழக்குகிற பாடம் அது.

வகுப்பெடுக்க வந்திருப்பவள் பாளையங்கோட்டைப் பெண், ஜெபராணி. வயது இருபத்தைந்து இருக்கும். சிரிக்கவே மாட்டாள். பார்த்தவுடனே எனக்குப் பிடிக்கவில்லை.

மே 5, திங்கள்

அரசுப் பள்ளித் தமிழாசிரியர் தேர்வில் என் பெயர் வந்துவிட்டது! ஜூன் 5 அன்று திருநெல்வேலியில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். வராதவர்கள் உரிமை இழப்பார்கள்.

வீட்டுக்காரர் கடலைமிட்டாய் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவர். சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் போன் செய்து சொன்னேன். சாயங்காலம் கம்பெனி மிட்டாயே ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். தெருவில் யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

காரணம், என் ஒரிஜினல் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பத்தாம் வகுப்பிலிருந்து பி.எட். வரை எல்லாம் கரஸ்பாண்டன்ட் அறைப் பச்சை அலமாரியில் இருக்கிறது. வேலைக்குச் சேர்கிற அன்றே வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார். எல்லா டீச்சர்களுக்கும் அதே கதிதான். சாவி அவர் இடுப்பில். போன வருடம் சயின்ஸ் டீச்சர் தங்கக்கனி வேறு வேலை கிடைத்துப் போய்க் கேட்டாள். நாளை வா, திங்கட்கிழமை வா என்று நடக்க விட்டார். கடைசியில் அந்த வேலை கைநழுவிப் போனது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான்.

நான் ஜூன் 5க்குள் வாங்கியாக வேண்டும். வேலை கிடைத்திருப்பது அவருக்குத் தெரியக்கூடாது. அதுவரை நல்ல பிள்ளையாக அந்தக் குட்டிப் பெஞ்சில் உட்கார வேண்டும்.

மே 6, செவ்வாய்

இன்று அட்ஜெக்டிவ். பெயரடை என்று நான் ஏழாம் வகுப்பில் நடத்துவதுதான். ஆனால் ஆங்கிலத்தில் அது வரிசையில் நிற்க வேண்டுமாம். நல்லதா கெட்டதா, பெரியதா சிறியதா, பழையதா புதியதா, பிறகு நிறம், பிறகு எதனால் செய்தது. ரேஷன் கடையில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. தமிழில் பச்சைப் பெரிய அலமாரி என்றாலும் பெரிய பச்சை அலமாரி என்றாலும் அலமாரி கோபித்துக்கொள்ளாது.

ஆளுக்கு ஒரு பொருளை வர்ணிக்கச் சொன்னாள். கணக்கு டீச்சர் பேச்சியம்மாள் தன் குடையைப் பற்றி எழுதினார். நான், 'அன் அக்லி பிக் ஓல்ட் கிரீன் ஸ்டீல் அல்மைரா' என்று எழுதினேன். ஜெபராணி அதைப் படித்துவிட்டு என்னைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு சரி போட்டாள்.

என்ன பார்வை அது? இவள் அவருடைய ஒற்றர்தான்.

மே 8, வியாழன்

சாக்பீஸ் டப்பா காலில் விழுந்தது. 'அய்யோ' என்றேன். அட்டை கழுத்துக்கு வந்துவிட்டது.

அடி பட்டால் ஆங்கிலத்தில் எப்படிக் கத்துவது என்று ஜெபராணியிடம் கேட்டேன். 'அவுச்' என்றாள். அடிபட்டவள் அகராதியைப் புரட்டிவிட்டா கத்துவாள்? அட்டையோடு மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேர் என் காதுபடவே தமிழில் பேசினார்கள். நான் காட்டிக்கொடுக்கவில்லை. பேச்சியம்மாள் டீச்சர் வேண்டுமென்றே என் பக்கத்தில் வந்து, "தமிழம்மா, வெயில் என்னமா அடிக்கி பாருங்க, அதை என் கழுத்துல போடுங்க" என்றார். போட மாட்டேன் என்று தலையாட்டினேன்.

ஐம்பது வயது அவருக்கு. இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். புருஷன் இல்லை. இந்தச் சம்பளத்தில்தான் குடும்பம். ஆங்கிலம் என்றால் அவருக்கு உள்ளங்கை வேர்த்துவிடுகிறது.

மே 12, திங்கள்

கரஸ்பாண்டன்டிடம் துணிந்து கேட்டுவிட்டேன். "வீட்டு லோனுக்கு ஒரிஜினல் கேக்காங்க சார். ரெண்டு நாள்ல திருப்பித் தந்திருதேன்."

"அதுக்கென்ன டீச்சர்" என்று உடனே எழுந்து அலமாரியைத் திறந்தார். என் ஃபைலை எடுத்தார். பக்கத்து அறைக்குப் போனார். ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொன்றிலும் பள்ளி முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். ஒரிஜினல் மறுபடியும் உள்ளே போனது. "இது போதும். பேங்க்ல ஏதும் சொன்னா என்கிட்ட பேசச் சொல்லுங்க" என்றார்.

நன்றி சார் என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். என் நாக்கைத்தான் முதலில் பூட்டி வைக்க வேண்டும்.

மே 13, செவ்வாய்

ப்ரோநவுன். ஆங்கிலத்தில் அவன், அவர் என்ற வித்தியாசமே கிடையாதாம். பிரதமரும் 'ஹி', பிச்சைக்காரனும் 'ஹி'. இந்த ஒரு விஷயத்துக்காக அந்த மொழியை மன்னிக்கலாம் போலிருக்கிறது. கரஸ்பாண்டன்டைப் பற்றிப் பத்து வாக்கியம் எழுதினேன். பத்திலும் 'ஹி'. பதினொரு வருடத்தில் அந்த ஆளை அவன் என்று சொல்ல வாய்த்தது இன்றைக்குத்தான்.

மே 16, வெள்ளி

பேனா தாளைக் கிழிக்கிறது. ஆத்திரத்தில்.

அட்வெர்ப் வகுப்பு. நம் 'ஆன', 'ஆக' மாதிரித்தான். அழகான பாட்டு, அழகாகப் பாடினாள். அவர்களுக்கு 'லி' சேர்த்தால் ஆயிற்று என்று நினைத்தேன். என்னைப் பற்றி எழுதச் சொன்னபோது, 'ஐ வொர்க் ஹார்ட்லி' என்று எழுதினேன். கடுமையாக உழைக்கிறேன் என்று நினைத்து எழுதியது. அந்த நேரம் பார்த்துக் கரஸ்பாண்டன்ட் உள்ளே வந்தார். என் நோட்டை எடுத்து எல்லோருக்கும் கேட்க வாசித்தார். வாசித்துவிட்டுச் சிரித்தார். "உண்மையைத்தான எழுதியிருக்கீங்க. அதுக்கு அர்த்தம், நான் வேலையே பார்க்கறதில்லைன்னு!"

எல்லோரும் சிரித்தார்கள். வேலைக்குப் பயந்த சிரிப்பு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சிரிக்காதவர்கள் பேச்சியம்மாளும் ஜெபராணியும். அவளுக்குத்தான் எப்போதுமே சிரிப்பு வராதே.

ஆண்டு விழா நாடகம் யார் எழுதியது? பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாக அலைந்தது யார்? அந்தக் கோப்பைகள் எல்லாம் அந்தப் பச்சை அலமாரியின் தலையில்தான் அடுக்கியிருக்கின்றன.

சமையலறையில் பாத்திரத்தைப் போட்டு உடைக்காத குறை. வீட்டுக்காரர் நிதானமாகச் சொன்னார். "வடிவு, பாகுக்குப் பதம் இருக்குல்லா? கோவத்துக்கும் இருக்கு. இப்பம் இறக்குனா ஒண்ணுக்கும் ஆகாது."

"உங்களுக்கு எல்லாத்துக்கும் பாகுதானா?"

"எனக்குத் தெரிஞ்சது அதுதான?"

மே 18, ஞாயிறு

மொட்டை மாடியில் கூழ் வற்றல் பிழிந்தேன். காக்கை வந்தது. 'கோ அவே குயிக்லி' என்றேன். போய்விட்டது. இந்த ஊரில் என் ஆங்கிலத்தை மதித்த முதல் ஜீவன்.

ஆர்ட்டிகிள் படித்தேன். உயிரெழுத்து ஓசைக்கு முன்னால் 'அன்', மற்றதற்கு 'எ'. இதில் என்ன பெருமை? ஓர் ஊர், ஒரு மரம் என்று நானும்தான் வருடா வருடம் சிவப்பு மையில் திருத்துகிறேன். 'தி' மட்டும் கொஞ்சம் யோசிக்க வைத்தது. சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்த ஒன்றுக்குத்தான் 'தி' வருமாம். எவளோ ஒருத்தி என்றால் 'எ டீச்சர்'. இன்னார் என்று தெரிந்தால் 'தி டீச்சர்'. பதினொரு வருடத்துக்குப் பிறகும் அந்த ஆளுக்கு நான் 'எ டீச்சர்'தான்.

வற்றல் காய்வதற்குள் மூன்று பயிற்சி முடித்துவிட்டேன். வேறு வேலை இல்லாததால்தான்.

மே 21, புதன்

ஜெபராணி தினமும் மதியம் பன்னும் டீயும்தான் சாப்பிடுகிறாள். விடுதி அறையில் தனியாகத் தங்கியிருக்கிறாள். கரஸ்பாண்டன்ட் வந்தால் உடனே எழுந்து சுவரோரம் போய்விடுகிறாள். மரியாதையாம்.

இன்று வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்தி ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள். அந்த அலமாரிச் சாவி எப்போதும் சாரிடம்தான் இருக்குமா, வேறு யாரிடமாவது கொடுப்பாரா என்று. எனக்குச் சுருக்கென்றது. என் வாயைக் கிளறப் பார்க்கிறாள்! 'ஐ டோன்ட் நோ' என்று சொல்லிவிட்டு வேகமாக வந்துவிட்டேன். அவள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். நான் நிற்கவில்லை.

மே 23, வெள்ளி

கரஸ்பாண்டன்டுக்குத் தெரிந்துவிட்டது. அவராகவே கூப்பிட்டு, "வாழ்த்துகள் டீச்சர். லிஸ்ட்ல பேரு பார்த்தேன்" என்றார்.

இனி ஒளிக்க என்ன இருக்கிறது? "ஒரிஜினல் வேணும் சார். அஞ்சாம் தேதி வெரிஃபிகேஷன்" என்றேன்.

"தராம இருப்பனா? ஆனா பிள்ளைகளை நடுக்கடல்ல விட்டுட்டுப் போகலாமா? உங்களுக்கு இங்கிலீஷ் ட்ரெயினிங்லாம் செலவு பண்ணிக் குடுத்திருக்கேன். முப்பத்தொண்ணாம் தேதி மேடையில நல்லாப் பேசுங்க. ரெண்டு வருசத்துக்கு அக்ரிமெண்ட்ல ஒரு கையெழுத்துப் போடுங்க. பெறகு பாப்போம்."

"ரெண்டு வருசம் கழிச்சு அந்த வேலை எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா சார்?"

"அது கவர்மெண்டுகிட்ட கேக்க வேண்டியது" என்று சிரித்தார்.

அவ்வளவும் தமிழில்தான் பேசினார். காம்பவுண்டுக்குள் இருந்துகொண்டு. அந்தக் கழுத்தில் அட்டை மாட்ட ஒருவருக்கும் கை நீளாது.

புகார் கொடுக்கலாம் என்றார் வீட்டுக்காரர். கொடுக்கலாம். கிடைக்கவும் செய்யும். ஐந்தாம் தேதிக்குள் கிடைக்குமா? குட்டக் குட்டக் குனிகிறவளும் முட்டாள் என்பார்கள். பதினொரு வருடம் குனிந்தாயிற்று.

மே 27, செவ்வாய்

இதை எழுதாமல் தூங்க முடியாது.

ஒத்திகை. பேச்சியம்மாள் டீச்சர் முறை வந்தது. "குட் மார்னிங். மை நேம் இஸ் பேச்சியம்மாள்" என்றார். அதோடு நின்றுவிட்டார். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. "வரமாட்டேங்குது சார்" என்று தமிழில் சொல்லிவிட்டார்.

கரஸ்பாண்டன்ட் அட்டையை எடுத்து ஜெபராணியிடம் நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். 'ஐ கெனாட்' என்றாள். அவர் முகம் கறுத்தது. தானே போய்ப் பேச்சியம்மாள் கழுத்தில் மாட்டினார். "போய் வராண்டால நில்லுங்க. அப்பத்தான் வரும்."

அட்மிஷனுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிற மாடத்தி தன் மகளைச் சேர்க்க வந்திருந்தாள். சின்ன வயதில் பேச்சியம்மாள் வீட்டுத் திண்ணையில் வாய்ப்பாடு படித்தவள்தான். "கணக்கு டீச்சர், நல்லா இருக்கீங்களா?" என்று ஓடி வந்தவள் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதென்ன டீச்சர்? மீட்டிங்குக்கு பேட்ஜா?" என்றாள். அவளுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

"ஆமாட்டி" என்றார் டீச்சர். சேலைத் தலைப்பை இழுத்து அட்டையின் மேல் போட்டு மூடிக்கொண்டார்.

நான் ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்தேன். அந்த ஆளைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. அப்படியே எழுதுகிறேன், யார் பார்த்தாலும் சரி.

மே 28, புதன்

சாயங்காலம் வீட்டு வாசலில் ஜெபராணி. நான் உள்ளே கூப்பிடவில்லை. அவளாகவே செருப்பைக் கழற்றினாள்.

"டீச்சர், என் ஒரிஜினலும் அந்த அலமாரிலதான் இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து முதல்முறையாகத் தமிழ். அசல் பாளையங்கோட்டைத் தமிழ். "மார்ச்ல வேலைக்கு எடுத்தப்பவே வாங்கி வச்சிட்டாரு. மே மாசம் உங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தாத்தான் வேலை உறுதி, அதுவரைக்கும் சம்பளம் கெடையாதுன்னுட்டாரு. போறேன்னு சொன்னா சர்டிபிகேட் தரமாட்டேங்காரு. நேத்து அந்த டீச்சர் கழுத்துல என்னைப் போடச் சொன்னாரு பாத்தீங்களா? எங்கம்மா வயசு அவங்களுக்கு."

அழுதாள். நான் இந்த ஒரு மாதமாக இந்த டைரியில் அவளை என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம். ஐந்து தோசை ஊற்றினேன். ஐந்தையும் சாப்பிட்டாள்.

"சனிக்கிழமை மேடையில நான் என்ன பேசணும்னு முடிவு பண்ணிட்டேன். இங்கிலீஷ்லதான் பேசப் போறேன். தப்பு இருந்தா மட்டும் சொல்லு" என்றேன்.

வாசித்தேன். கேட்டு முடித்ததும் அவள் ஓர் இடத்தில் மட்டும் 'தி' போடச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. இதை இத்தனை நாள் எங்கே பூட்டி வைத்திருந்தாள் என்று நினைத்தேன். எங்கே என்று தெரியும்.

மே 30, வெள்ளி

நாளைக்குக் கட்ட நீலச் சேலை. இஸ்திரி போட்டாயிற்று. "பதம் வந்துட்டா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். வந்துவிட்டது என்றேன்.

மே 31, சனி

பந்தல் நிறைய ஜனம். தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டு வந்தவர்கள், மிட்டாய்க் கம்பெனி வாசனையோடு வந்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள். அன்றைக்கே பணம் கட்டினால் சலுகை என்று சொல்லியிருந்ததால் எல்லோர் மடியிலும் பணம். கரஸ்பாண்டன்ட் மைக்கைப் பிடித்து, அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இதுதான் நம்ம ஸ்கூல் டிசிப்ளின். இனிமே டீச்சர்ஸுக்கும் உண்டு" என்றார். அட்டையை மைக் மேஜையில் வைத்தார். பேச்சியம்மாள் டீச்சரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

இரண்டு பேர் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்கள். பிறகு நான்.

மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக்கொண்டேன். குரல் நடுங்கவில்லை.

"குட் மார்னிங். ஐ ஆம் எ டீச்சர். தேர் இஸ் அன் அக்லி பிக் ஓல்ட் கிரீன் ஸ்டீல் அல்மைரா இன் தி ஆபீஸ். மை சர்டிபிகேட்ஸ் ஆர் இன் இட். தே ஆர் மைன். தே ஆர் நாட் ஹிஸ். ஹி ஹாஸ் தி கீ. ஐ ஆஸ்க்ட் ஹிம் பொலைட்லி. ஹி லாஃப்ட் லவுட்லி. ஐ ஹேவ் எ நியூ ஜாப். ஹி வில் நாட் லெட் மி கோ."

ஒரு பிழை இல்லை. ஜெபராணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கரஸ்பாண்டன்ட் முகம் வெளிறிவிட்டது. நான் ஜனத்தைப் பார்த்தேன். இப்போது எழுந்து கேட்பார்கள் என்று பார்த்தேன்.

கை தட்டினார்கள்.

பந்தல் அதிரக் கை தட்டினார்கள். "நம்ம தமிழம்மா என்னமாப் பேசுது பாரேன்!" என்று ஒருவர் விசில் அடித்தார். மாடத்தி தன் மகளைத் தோளுக்கு மேல் தூக்கி என்னைக் காட்டினாள். ஒரு வார்த்தை புரியவில்லை அவர்களுக்கு. புரியாததற்காகவே தட்டினார்கள். அந்தக் கைதட்டலைக் கேட்டதும் கரஸ்பாண்டன்டுக்கு உயிர் வந்தது. அவரும் தட்டினார். "வெரி குட், வெரி குட்" என்று மைக்கை வாங்கக் கை நீட்டினார்.

அந்த நிமிடம் எனக்கு வந்த கோபம் அவர் மேல் மட்டும் வந்ததல்ல. தட்டியவர்கள் மேல் வந்தது. ஒரு மாதம் குட்டிப் பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கற்றுக்கொண்ட என் மேல் வந்தது. மைக்கைக் கொடுக்கவில்லை. மேஜையில் கிடந்த அட்டையை எடுத்து நானே என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

"இதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா? 'நான் தமிழ் பேசிட்டேன்'னு எழுதியிருக்கு. உங்க பிள்ளைக கழுத்துல மூணு வருசமா இதைத்தான் மாட்டுதாங்க. செவ்வாக்கிழமை கணக்கு டீச்சர் கழுத்துல கெடந்தது இதுதான் மாடத்தி, பேட்ஜ் இல்ல. இப்பம் நான் இங்கிலீஷ்ல சொன்னதைத் தமிழ்ல சொல்லுதேன், கேளுங்க."

சொன்னேன். அலமாரி, சாவி, ஜூன் 5, எல்லாம்.

"மைக்க ஆஃப் பண்ணுங்கய்யா!" என்று கரஸ்பாண்டன்ட் கத்தினார். தமிழில்தான். அணைத்துவிட்டார்கள். ஆனால் பதினொரு வருடம் மரத்தடியில் பிள்ளைகளை வைத்துப் பாடம் எடுத்தவளுக்கு மைக் எதற்கு?

முதலில் எழுந்தவள் மாடத்தி. என் வேலைக்காக எழவில்லை. "ஏன் சார், அப்பம் எங்க பிள்ளைக டீசியும் அந்த அலமாரிலதான கெடக்கு? நாளைக்கி நாங்க கேட்டாலும் இப்படித்தான் செய்வீகளா?"

"போன வருசம் எம்மவன் டீசிக்கு நாலு மாசம் நடந்தேம்லா!" என்று பின்னாலிருந்து ஒருவர். "மொதல்ல அலமாரியத் திறக்கச் சொல்லுங்க. பெறகு பணம் கட்டுவோம்" என்று இன்னொருவர். மடியிலிருந்து எடுத்த பணத்தை எல்லோரும் மறுபடி மடியில் சொருகினார்கள். அதைப் பார்த்ததும்தான் அவர் இறங்கி வந்தார். "உக்காருங்க, எல்லாம் பேசிக்கிடலாம்" என்று கும்பிட்டார்.

நான் அவர் முன்னால் கையை நீட்டினேன். "தி கீ, ப்ளீஸ்" என்றேன்.

ஜெபராணி வாய்விட்டுச் சிரித்தாள்.

அவர் சாவியைத் தரவில்லை. அவரே ஆபீஸுக்கு வந்து அலமாரியைத் திறந்தார். ஜன்னல் கம்பியெல்லாம் முகங்கள். என்னுடையதை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு வாசலை மறித்து நின்றேன். "எல்லாருக்கும்" என்றேன். ஒவ்வொரு டீச்சராக வந்து வாங்கினார்கள். பேச்சியம்மாள் டீச்சர் தன் பட்டத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன்மேல் படிந்திருந்த அலமாரித் துருவைச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

ஜூன் 1, ஞாயிறு

என் பட்டத்தைக் கரஸ்பாண்டன்ட் பஞ்சிங் மெஷினால் குத்திக் கோப்பில் கோத்திருக்கிறார். பல்கலைக்கழக முத்திரை நடுவில் ஓட்டை. பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஜெபராணி தன் ஒரிஜினலோடு காலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். வழிக்குச் சாப்பிடக் கடலைமிட்டாய் கொடுத்தனுப்பினோம்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்துவிட்டது. நான் போகவில்லை. பணம் எல்லோரும் கட்டிவிட்டார்களாம்; வேறு பள்ளிக்கு எங்கே போவார்கள்? பேச்சியம்மாள் டீச்சரும் வேலைக்குப் போனார். "இந்த வயசுல என்னை யாரு எடுப்பா தமிழம்மா? ஆனா சர்டிபிகேட்ட வீட்டுலதான் வச்சிருக்கேன். கேட்டாரு. குடுக்கல" என்று போனில் சொன்னார். அட்டை கிடைக்கவில்லை என்று பியூன் தேடிக்கொண்டிருக்கிறாராம்.

எங்கே போய்விடும்? என் பையில்தான் கிடக்கிறது.

ஜூன் 5, வியாழன்

திருநெல்வேலி. நீள வரிசை. என் முறை வந்ததும் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தேன். அதிகாரி வயதானவர், பொறுமைசாலி. முத்திரை நடுவில் இருந்த ஓட்டையைப் பார்த்து, "எலி கடிச்சிட்டா?" என்று கேட்டார்.

"அப்படித்தான் சார்."

பி.எட். சான்றிதழை இழுத்தபோது நூல் அதில் சிக்கி அந்தச் சிவப்பெழுத்து அட்டையும் வெளியே வந்து மேஜையில் விழுந்தது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை எடுத்து வாசித்தார். மறுபடியும் வாசித்தார். என் விண்ணப்பத்தில் தமிழாசிரியர் என்று எழுதியிருந்த இடத்தைப் பார்த்தார்.

"இது என்ன சர்டிபிகேட்மா?"

சிரித்துச் சமாளித்திருக்கலாம். முடியவில்லை. கோபம் வந்துவிட்டது.

"அதுவும் ஒரிஜினல்தான் சார்" என்றேன்.